தொழிற்சாலை மிச்சம் பிடித்த நேரம்

சிகாகோவில் ஒரு கிட்டார் கடையின் பின்னறையில் பழுது பார்ப்பது என் தொழில். மேசைக்கு வருகிறவற்றில் பாதிக்கு மேல் இந்த ஊரிலேயே செய்யப்பட்ட பழைய மலிவுக் கிட்டார்கள். வீட்டுப் பரணிலிருந்தும் அடகுக் கடையிலிருந்தும் வருகின்றன. கொண்டுவருகிறவர் தயங்கித் தயங்கி, “இதுக்குச் செலவு பண்றது தகுமா?” என்று கேட்பார். நான் சொந்தமாக வைத்திருப்பதும் அப்படிப்பட்ட ஒன்றுதான் என்பதால், அந்தக் கேள்விக்கு ஓரளவு நிதானமாகப் பதில் சொல்ல முடிகிறது.

என்னுடையது ஹார்மனி கம்பெனியின் ராக்கெட், மாடல் எச் 54. மின்சாரக் கிட்டார்தான், ஆனால் உள்ளே கட்டை கிடையாது, வீணைக் குடம்போல வெறும் கூடு. முகத்தில் எஃப் வடிவத்தில் இரண்டு துளைகள், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரண்டு பிக்கப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம், தனி டோன். விளிம்பை நெருங்க நெருங்கக் கறுக்கும் சிவப்புச் சாயம். வயதான ஒருவரின் வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்ற இடத்தில், பெட்டியில்லாமல், நாலே தந்தியோடு கிடந்தது. எஃப் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பலகையில் மங்கலாக ஒரு மை முத்திரை: எஃப்-65. 1965ஆம் ஆண்டில் செய்தது என்று பொருள். ஹார்மனிக் கிட்டாரின் வயதை அறிய இதைவிட நம்பகமான வழி இல்லை.

ஹார்மனி 1892இல் வில்ஹெல்ம் ஷுல்ட்ஸ் என்ற ஜெர்மானியக் குடியேறி சிகாகோவில் தொடங்கிய கம்பெனி. 1916இல் சியர்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. தபாலில் விலைப்பட்டியல் அனுப்பி ஊசி முதல் வீடு வரை விற்ற அதே சியர்ஸ்தான். 1940இல் ஜே கிராஸ் என்பவர் அதை சியர்ஸிடமிருந்து வாங்கினார். அதன் பிறகும் சியர்ஸ் கடைகளுக்கு ‘சில்வர்டோன்’ என்ற பெயரில் கிட்டார்கள் போய்க்கொண்டே இருந்தன. கே, வால்கோ என்ற மற்ற இரண்டு பெரிய மலிவுக் கிட்டார்க் கம்பெனிகளும் இதே ஊர்தான். 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றியது. ஊரில் இருந்த பையன்கள் எல்லோருக்கும் கிட்டார் வேண்டியிருந்தது. அந்த அலையின் உச்சத்தில் ஹார்மனி ஆண்டுக்கு 3,50,000 வாத்தியங்களை விற்றது. ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு 1,400.

இந்த எண்ணைத்தான் நான் வாடிக்கையாளர்களிடம் முதலில் சொல்வேன். நாளுக்கு 1,400 வாத்தியம் வெளியே போகும் இடத்தில் எதை மிச்சம் பிடித்திருப்பார்கள்? மரத்தை அல்ல. உடல் அழுத்தி வளைத்த மேப்பிள் பிளைவுட். அது குறையல்ல, கிப்சன் கம்பெனியின் விலையுயர்ந்த ஈஎஸ்-335 உடலும் பிளைவுட்தான். விரற்பலகை, இன்று விலை கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத பிரேசில் ரோஸ்வுட். பிக்கப்பிலும் மிச்சம் பிடிக்கவில்லை. ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரில் ரோவ் இண்டஸ்ட்ரீஸ் செய்த டிஆர்மண்ட் பிக்கப்புகள் அவை. 1930களிலேயே கிட்டாரில் மாட்டும் பிக்கப்பைச் செய்து விற்ற ஹாரி டிஆர்மண்டின் வேலை. இன்று அந்தப் பிக்கப்புக்காகவே கிட்டாரை உடைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மிச்சம் பிடித்தது நேரத்தை. கழுத்தை உடலில் பொருத்தும்போது, கோணம் சரிதானா என்று இன்னொரு முறை பார்க்கும் நேரம். விரற்பலகையின் குறுக்குக் கம்பிகளான ஃப்ரெட்டுகளை ஒரே மட்டத்துக்கு அரம் போடும் நேரம். தந்தி உட்காரும் பள்ளங்களை அளந்து அறுக்கும் நேரம். கிட்டாருக்கு அரை மணி என்று வைத்தாலும் நாளுக்கு 700 மணி நேரக் கூலி. அதை விட்டுவிட்டதால்தான் அந்த விலைக்கு விற்க முடிந்தது. என் மேசையில் நடப்பது பழுது பார்ப்பது என்பதைவிட, அன்று செய்யாமல் விட்ட வேலையைச் செய்து முடிப்பது என்பதே பொருந்தும்.

இப்படி உள்ளே வெறும் கூடாக இருக்கும் பழைய ‘ஹாலோபாடி’ கிட்டார் வாங்க நினைக்கிற தமிழ்ப் பையன்கள் இரண்டு மூன்று பேர் என்னைத் தொலைபேசியில் பிடிப்பார்கள், பெரும்பாலும் கடையில் நின்றுகொண்டே. “அண்ணா, ஒரு பழைய ராக்கெட் இருக்கு. நானூறு டாலர் சொல்றான். எடுக்கலாமா?”

“கழுத்தைப் பாத்தியாப்பா?”

“வளையல, நேராத்தான் இருக்கு.”

நேராக இருப்பது வேறு, சரியான கோணத்தில் இருப்பது வேறு. ஆறு தந்திகள் சேர்ந்து ஏறக்குறைய 50 கிலோ இழுவிசையோடு கழுத்தை முன்னால் இழுக்கின்றன. அறுபது வருடம் இடைவிடாமல் இழுத்தால் நேரான கழுத்தும் மூட்டோடு சேர்ந்து முன்னால் சாய்ந்துவிடும். அப்போது தந்தி விரற்பலகையிலிருந்து உயர்ந்து நிற்கும். அழுத்தினால் விரல் வலிக்கும், சுருதியும் ஏறும். அதை மறைக்க விற்கிறவர், உடல்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை அடிமட்டம் வரை இறக்கி வைத்திருப்பார். ஆகவே கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று. நீளமான இரும்பு ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் உச்சியை ஒட்டி வந்தால் வாங்கலாம். பிரிட்ஜின் இடுப்பில் போய் முட்டினால், கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே அதற்குச் சில நூறு டாலர் கூலி. பல சமயம் கிட்டாரின் விலையைத் தாண்டும்.

என் ராக்கெட்டில் ஸ்கேல் இடுப்பில்தான் முட்டியது. தெரிந்தே வாங்கினேன்.

கழுத்தைக் கழற்றுவதுதான் இந்தத் தொழிலின் கடினமான பாடம். கழுத்தின் அடிப்பகுதியில், குதிகாலில், உள்நோக்கி விரிந்த ஒரு ஆப்பு செதுக்கப்பட்டிருக்கும். உடலில் அதற்கேற்ற பள்ளம். மேலிருந்து கீழாக மட்டுமே இறங்கும். முன்னால் இழுத்தால் வராது. இரண்டையும் பிடித்திருப்பது நம்மூர் ஆசாரிகள் அன்று காய்ச்சிய அதே வஜ்ஜிரம், மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் பசை. சூடும் ஈரமும் பட்டால் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும் என்பதுதான் அதன் பெருமை. மறுபடி திறக்க முடிகிற பசை என்பதால்தான் வயலின்காரர்களும் இன்றுவரை அதை விடவில்லை.

முதலில் விரற்பலகை உடல்மேல் ஒட்டியிருக்கும் நுனியைச் சூடாக்கி, மெல்லிய கத்தியை நுழைத்துப் பிரிக்க வேண்டும். பிறகு மூட்டுக்கு நேர் மேலே இருக்கும் ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் உள்ளே இருக்கும் இடைவெளி வரை சிறு துளை போட வேண்டும். ஃப்ரெட்டைத் திரும்ப அடித்ததும் துளை மறைந்துவிடும். அந்தத் துளை வழியே நீராவி. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர், காப்பி போடும் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தின் ஆவிக் குழாயில் ரப்பர் டியூப் மாட்டி, அதன் முனையில் கூடைப்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைச் சொருகி வைத்திருந்தார். இந்த ஊரில் பல பட்டறைகளில் இதுதான் கருவி. ஆவி அதிகமானால் நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் பால் நிறத்துக்கு வெளுக்கும். பிளைவுட்டின் அடுக்குகள் பிரியும். குறைந்தால் பசை இளகாது. ஓரங்களை ஈரத்துணியால் அடிக்கடி துடைத்து, கழுத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் பிசின்போலப் பழுப்பு நீர் கசியும். கை அசைவில் ஒரு நெகிழ்ச்சி தெரியும். அதற்குமேல் அவசரப்படாமல் இருப்பதுதான் திறமை.

கழற்றியபின் செய்யும் சீவல் மிகச் சிறியது. என் கிட்டாரில் பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் தந்தியின் கோடு 3 மில்லிமீட்டர் உயர வேண்டியிருந்தது. அதற்குக் குதிகாலின் கீழ் நுனியில் சீவ வேண்டியது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். மேலே போகப் போக அதுவும் பூஜ்யமாகிவிட வேண்டும். அந்த அரை மில்லிமீட்டர்தான் வாசிக்க முடியாத கிட்டாரையும் வாசிக்க முடிகிற கிட்டாரையும் பிரிக்கிறது. சீவியதும் ஆப்பு பள்ளத்தில் தளர்ந்துபோகும். இரண்டு பக்கமும் மெல்லிய மரச் சக்கை ஒட்டி, சுண்ணக்கட்டி தடவி, எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பார்த்து இறுக்க வேண்டும். பசை போடாமலேயே கழுத்து தன் பிடியில் நிற்க வேண்டும். அதன் பிறகே வஜ்ஜிரம். வெள்ளைப் பசையோ எபாக்சியோ போட்டால், இன்னும் நாற்பது வருடம் கழித்து இதே வேலையைச் செய்ய வருகிறவன் நம்மைத் திட்டுவான்.

என் பள்ளத்தைத் திறந்தபோது ஒரு பக்கச் சுவரில் பசையே படவில்லை. அறுபது வருடம் ஆப்பின் ஒரு கன்னம் மட்டுமே கழுத்தைத் தாங்கியிருக்கிறது. நாளுக்கு 1,400 என்பதன் அர்த்தம் அங்கே கண்ணுக்குத் தெரிந்தது.

ஃப்ரெட் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்லா ஃப்ரெட்டின் தலையிலும் மார்க்கர் மை பூசி, நீளமான மட்ட அரத்தை ஓட்டினால், உயரமான இடங்களில் மட்டும் மை அழியும். எல்லாவற்றிலும் மை ஒரே சீராக அழியும் வரை ஓட்டி, தட்டையான தலைகளை மறுபடி உருட்டி, பளபளப்பாக்க வேண்டும். தந்தி உரசிய தேய்மானம் ஆழமாக இல்லாவிட்டால் பழைய ஃப்ரெட்டுகளே போதும்.

மின்சார வேலைக்குத்தான் இந்த வகைக் கிட்டாரில் பொறுமை வேண்டும். கெட்டியான கட்டைக் கிட்டார்களில் பின்னாலோ முன்னாலோ ஒரு மூடி இருக்கும். கழற்றினால் எல்லாம் கைக்கு எட்டும். ராக்கெட்டில் மூடியே இல்லை. வால்யூம், டோன், ஸ்விட்ச், ஜாக் அத்தனையும் எஃப் துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும், அதே வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு கண்ட்ரோலின் தண்டிலும் மீன் தொட்டிக்குக் காற்று விடும் பிளாஸ்டிக் டியூபைச் சொருகி, நட்டைக் கழற்றி, உள்ளே தள்ளி, துளை வழியே வெளியே எடுப்பேன். டியூபின் மறுமுனை பழைய ஓட்டையிலேயே நிற்கும். வேலை முடிந்ததும் அதைப் பிடித்து இழுத்தால் கண்ட்ரோல் தன் இடத்துக்குத் தானே வந்து சேரும். கண்ட்ரோல்களின் இடைவெளியை அட்டையில் குறித்து, ஓட்டை போட்டு, அந்த அட்டையிலேயே எல்லாவற்றையும் மாட்டிப் பற்றவைத்தால் கம்பியின் நீளம் தவறாது.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் காரியம் பிக்கப்பை மல்டிமீட்டரால் அளப்பது. சில ஆயிரம் ஓம் காட்டினால் உயிர் இருக்கிறது. எண்ணே வராவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய அந்தக் கம்பியைத் திரும்பச் சுற்றுவது தனித் தொழில். கரகரவென்று சத்தம் போடும் வால்யூம் கண்ட்ரோலை உடனே மாற்றிவிடக் கூடாது. கான்டாக்ட் கிளீனரைப் பீய்ச்சி, இருபது முப்பது முறை திருப்பினால் பெரும்பாலும் தேறிவிடும். பழைய கண்ட்ரோல்களின் முதுகில் எண் பொறித்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று இலக்கம் செய்தவர். 137 என்றால் சிடிஎஸ். அடுத்தவை ஆண்டும் வாரமும். 137 6522 என்றிருந்தால் 1965ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். உள்முத்திரையோடு இது ஒத்துப்போனால் யாரும் கைவைக்காத கிட்டார் என்று ஓரளவு நம்பலாம்.

என்னுடையதில் பிக்கப்புகள் இரண்டும் உயிரோடு இருந்தன. ஜாக் துருப்பிடித்திருந்தது. தந்திகளைப் பிடிக்கும் பின்தகட்டுக்குப் போக வேண்டிய எர்த் கம்பி விட்டுப்போயிருந்தது. அதனால்தான் கையை எடுத்தால் உறுமல், தொட்டால் அமைதி என்ற நிலை மாறி, எப்போதும் உறுமல். ஒற்றைச் சுருள் பிக்கப் என்பதால் அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் கொஞ்சம் இருக்கவே செய்யும். அதை முழுவதும் ஒழிக்கப் போனால் ஓசையும் கூடவே போய்விடும்.

பிரிட்ஜ் ஒட்டப்படாதது. தந்தியின் அழுத்தம் மட்டுமே அதை நிறுத்தி வைத்திருக்கும். ஆறு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அது நகர்ந்துவிடும். இடத்தை முன்கூட்டியே மறைப்பு நாடாவால் குறித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியைத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாகும் வரை பிரிட்ஜை நகர்த்த வேண்டும். ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்துப் பிரிட்ஜின் படிகள், மூன்றாவது தந்தியும் சுற்றுக் கம்பியாக இருக்கும் என்ற கணக்கில் வெட்டப்பட்டவை. இன்றைய வெறுங்கம்பியைப் போட்டால் அந்த ஒரு தந்தி மட்டும் சுருதி ஏறியே நிற்கும். நான் பதினொன்றாம் நம்பர் தட்டைச் சுற்றுத் தந்திக் கட்டு போட்டேன். மூன்றாவதும் சுற்றுக் கம்பி. பிரிட்ஜை அறுக்காமலேயே சுருதி சேர்ந்தது.

வெற்று வயிற்றுக் கிட்டாருக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. பெருக்கியின் சத்தம் திரும்ப வந்து முகப்பலகையை அதிர வைக்கும், அந்த அதிர்வைப் பிக்கப் எடுத்து மறுபடி பெருக்கிக்கு அனுப்பும், ஊளை கிளம்பும். இதற்காகவே கிப்சன் 1958இல் ஈஎஸ்-335இன் நடுவயிற்றில் நீளமாக ஒரு கட்டையை வைத்தது. பி.பி. கிங் தன் கிட்டாரின் எஃப் துளைகளில் துணி அடைப்பார். 1980இல் அவர் பெயரில் கிப்சன் வெளியிட்ட ‘லூசில்’ கிட்டாருக்குத் துளைகளே இல்லை. மேடையில் சத்தமாக வாசிக்கிறவர்களுக்கு நானும் பஞ்சு வெட்டித் தருகிறேன், வேண்டாதபோது உருவிக்கொள்ளலாம். வீட்டில் வாசிக்கிற எனக்கு அந்தக் குணம்தான் லாபம். மீட்டியதும் சுரம் தடித்து எழும்பி, இழுத்துக்கொண்டு நிற்காமல் சீக்கிரம் அடங்கும். தாளத்துக்குக் கார்டு அடிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். ரோலிங் ஸ்டோன்ஸ் தொடங்கிய நாட்களில் கீத் ரிச்சர்ட்ஸின் கையில் இருந்தது இதே கம்பெனியின் மீட்டியர் என்ற மலிவு மாடல்தான்.

செப்பனிட்டு முடித்த கிட்டாருக்கு இந்த ஊரின் குளிர்காலம்தான் எதிரி. ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும்போது காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். விரற்பலகை சுருங்கி, ஃப்ரெட்டின் முனைகள் வெளியே துருத்தி விரலைக் கீறும். அறையில் ஈரப்பதத்தை 40 முதல் 50 வரை வைத்திருந்தால் போதும். ஸ்டாண்டில் நிறுத்துகிறவர்கள் அதன் ரப்பர்மேல் பருத்தித் துணி சுற்றுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் சிலவகை ரப்பர் பட்டால் கரைந்து ஒட்டிக்கொள்ளும். அழுக்குத் துடைக்க லைட்டரில் ஊற்றும் நாஃப்தா போதும். ஸ்பிரிட்டும் அசிட்டோனும் வார்னிஷையே துடைத்துவிடும்.

ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பழைய கிட்டாராக இருந்தாலும், சொந்த உபயோகத்துக்கு என்றாலும், சான்றிதழ் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோனால் விமான நிலையத்தில் பறிமுதலாகலாம். சென்னைக்குக் கொண்டுபோகும் ஆசை இருந்தால், பயணச் சீட்டுக்கு முன்னால் அந்தக் காகிதத்துக்கு அலையுங்கள்.

கேட்கிற எல்லோருக்கும் நான் வாங்கச் சொல்வதில்லை. இன்று கணினி இயந்திரத்தில் அறுத்து ஆசியாவிலிருந்து வரும் புது ஹாலோபாடிகள் அதே விலைக்குப் பெட்டியைத் திறந்ததுமே ஒழுங்காக ஒலிக்கும். ஒன்றை வாங்கி இந்த வாரமே மேடையேற வேண்டும் என்பவருக்கு அதுதான் சரி. லாபத்துக்கு வாங்கிச் செப்பனிட்டு விற்க நினைப்பவருக்கும் ராக்கெட் உதவாது. கூலியைக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும். ஹார்மனியே 1975இல் கணக்கு ஒத்துவராமல் கதவை மூடியது. ஜப்பானிலிருந்து வந்த கிட்டார்கள் அதைவிட மலிவு.

வாங்கத்தான் வேண்டும் என்றால் மூன்று விதிகள். பிக்கப்பும் கழுத்துக் கோணமும் நன்றாக இருந்தால் மற்றக் குறைகளுக்குப் பயப்படாதீர்கள். புதிதாக எந்த ஓட்டையும் போடாதீர்கள். மாற்றுகிற பாகம் பழைய திருகு ஓட்டையிலேயே உட்கார வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுக் கிட்டாரோடு வையுங்கள்; அடுத்து வைத்திருக்கப்போகிறவருக்கு அவை வேண்டும். மரத்துக்கும் பிக்கப்புக்கும் உரிய காசை 1965இலேயே யாரோ கொடுத்துவிட்டார். பாக்கி நிற்பது வேலை நேரம் மட்டும். அதைத் தர மனமிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், தர மனமுள்ள ஒருவருக்காகக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.